டிடி மலைப் பாதையின் இடப்பெயர்களை வரைபடத்தில் எங்கே குறிப்பது?

கேள்வி: நவம்பர் 9

ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதைக்குத் தமிழில் ஒரு வரைபடம் தயாரித்து வருகிறேன். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சுற்றில் உள்ள முக்கியமான வளைவுகளுக்கெல்லாம் புள்ளியிட்டுப் பெயர் எழுத வேண்டும். நான் புரிந்துகொண்ட வரையில், வீரர்களின் பெயரைத் தாங்கிய வளைவுகள் அவர்கள் உயிரிழந்த இடங்கள். மைல்கல் எண்ணோடு வரும் பெயர்கள் பழைய சாலையோர மைல்கற்கள். இந்த இரண்டு விதிகளைக் கொண்டே பெரும்பாலான இடங்களைக் குறித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

நவம்பர் 9, இரவு

இரண்டு விதிகளும் நிற்காது. முதல் விதியை முதலில் பார்ப்போம்.

க்ரெக்-நி-பாவிலிருந்து இறங்கி வரும்போது எதிர்ப்படும் பிராண்டிஷ் வளைவு, வால்ட்டர் பிராண்டிஷ் 1923 இல் விழுந்து காலை முறித்துக்கொண்ட இடம். அவர் அங்கே சாகவில்லை. ஹேண்ட்லீஸ் வளைவு, 1932 இல் வால் ஹேண்ட்லி விழுந்து காயமுற்ற இடம். அவர் இறந்தது 1941 இல், போர்க்கால விமானப் பணியில். பாலிக் பாலத்தைத் தாண்டியதும் வரும் டோரன்ஸ் வளைவு, 1950 இல் பில் டோரன் விழுந்து பிழைத்த இடம். உங்கள் விதிப்படி இந்த மூன்றுக்கும் வரைபடத்தில் சிலுவைக்குறி போட்டால், பிழைத்து எழுந்த மூன்று பேரை நாமே கொன்றவர்கள் ஆவோம்.

உயிரிழந்த இடமே பெயர் பெற்றதும் உண்டு. கிர்க் மைக்கேலில் உள்ள பர்க்கின்ஸ் வளைவு அப்படிப்பட்டது. 1927 இல் பயிற்சி ஓட்டம் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்திருந்த சாலையில்தான் நடந்தது. எதிரே வந்த மீன் வண்டிக்கு விலகப்போய் ஆர்ச்சி பர்க்கின் இறந்தார். அடுத்த ஆண்டு, 1928 முதல், பயிற்சிக்கும் சாலையை மூடத் தொடங்கினார்கள். பதினொன்றாம் மைல்கல்லை ஒட்டிய டிரிங்க்வாட்டர்ஸ் வளைவும் 1949 இல் அங்கு இறந்த பென் டிரிங்க்வாட்டரின் பெயரில்தான் இருக்கிறது.

இவை போக மூன்றாவது வகை ஒன்று உண்டு. மதிப்பு செய்வதற்காகப் பின்னாளில் சூட்டிய பெயர்கள் அவை. அவற்றுக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை. 2003 இல் 26ஆம் மைல்கல் ஜோயீஸ் ஆனது, 32ஆம் மைல்கல் டியூக்ஸ் ஆனது. ஜோயி டன்லப் இறந்தது 2000 இல், எஸ்டோனியாவின் தாலினில். ஜெஃப் டியூக்கோ பெயர் சூட்டியபோது உயிரோடிருந்தார். ஜோயிக்கு 26ஆம் மைல்கல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் அவருடைய 26 டிடி வெற்றிகள். அந்த எண்ணிக்கையை 2024 இல் அவருடைய தம்பி மகன் மைக்கேல் டன்லப் கடந்துவிட்டார் என்றாலும் மைல்கல் இடம் மாறப்போவதில்லை, பெயரும் மாறப்போவதில்லை.

நவம்பர் 10

மைல்கல் பற்றி. பந்தயப் பாதை ஒரே சாலை இல்லை. டக்ளஸ் நகரத் தெருக்களில் தொடங்கி, குவார்ட்டர்பிரிட்ஜிலிருந்து ஏ1 வழியே பாலக்ரெயின் வரை சென்று, அங்கே வலப்புறம் திரும்பி ஏ3 இல் ராம்சி வரை ஓடி, பிறகு ஏ18 மலைச்சாலையில் ஏறி டக்ளஸுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு சாலைக்கும் தனித்தனி தொடக்கப்புள்ளி இருக்கிறது. ஏ3 காசல்டவுனிலிருந்து வரும் சாலை. ராம்சிக்கும் டக்ளஸுக்கும் இடைப்பட்ட மலைச்சாலையின் முழு நீளமே 15 மைலுக்குக் குறைவு. அதில் 32ஆம் மைல்கல் என்று ஒன்று இருக்கிறது என்றாலே, அந்த எண் சாலைக்குரியதாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

இந்த எண்கள் கிளென்கிரட்சரி சாலையில் தொடக்கக் கோடு இருக்கும் கிராண்ட்ஸ்டாண்டிலிருந்து, பந்தயம் ஓடும் திசையில் அளந்தவை. சுற்றின் முழு நீளம் 37.73 மைல். ஆகவே மைல்கல் பெயர்களைக் குறிப்பதுதான் உங்களுக்கு எளிய வேலை: பாதையைக் கோடாக வரைந்து, தொடக்கக் கோட்டிலிருந்து அளந்துகொண்டு போனால் 11, 13, 26, 32, 33 எல்லாம் தாமாக வந்து விழும். மற்ற பெயர்களையும் முதலில் இந்த அளவுகோலில் இருத்திப் பாருங்கள். கிர்க் மைக்கேல் 14க்கும் 15க்கும் இடையில், பலாஃப் பாலம் 17ஐ ஒட்டி, சல்பி பாலம் 20ஐ ஒட்டி, பங்களா 30க்கும் 31க்கும் இடையில், க்ரெக்-நி-பா 34ஐ ஒட்டி. இந்த வரிசையில் ஒரு பெயர் முன்பின்னாக நின்றால் புள்ளி தவறி விழுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

நவம்பர் 10, சற்றுப் பிறகு

உங்கள் வரைவில் ஏகோஸ் லீப்பைப் பிரே ஹில் சரிவின் மேல் குறித்திருக்கிறீர்கள். அது அங்கே இல்லை. பிரே ஹில்லில் இறங்கி, அடிவாரப் பள்ளத்தைக் கடந்து, குவார்ட்டர்பிரிட்ஜை நோக்கிச் செல்லும் சாலையில் ஒரு மேடு வரும். முன்சக்கரம் தரையை விட்டு எழுவது அந்த மேட்டில்தான். அதற்குப் பெயர் தந்த இத்தாலிய வீரர் ஜக்கோமோ அகோஸ்தினி அங்கே சக்கரம் தூக்கிச் செல்லும் படம் புகழ்பெற்றது. இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டால் சரிவும் பள்ளமும் மேடும் தனித்தனி என்பது படத்தில் தெரியாமல் போகும். முழு வேகத்தில் வரும் பைக்குக்கு அந்த மூன்றும் மூன்று வேறு சோதனைகள்.

நவம்பர் 13

"பாரகாரோவுக்கு ஒரு புள்ளி போதுமா?" என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடப்பெயர் என்பது அங்கே நிற்பவனுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுத்தந்த இடமே அதுதான்.

ஹெய்ஷம் துறைமுகத்திலிருந்து கப்பலில் போய் இறங்கிய ஒரு ஜூன் மாதத்தில், எங்கள் குழுவினர் இரண்டு பிரிவாகப் பிரிந்து, பாரகாரோவில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். ஒரு பிரிவு மேலே, தேவாலயம் இருக்கும் நாற்சந்தியில் போய் நின்றது. மற்றொரு பிரிவு சரிவின் அடியில் நின்றது. இரண்டும் பாரகாரோதான், யாரும் தவறான இடத்துக்குப் போகவில்லை. சாதாரண நாளில் அந்தச் சரிவை நடந்தே கடந்துவிடலாம். ஆனால் சாலை மூடிய பிறகு பந்தயப் பாதையில் யாரும் கால் வைக்கக் கூடாது. அது சட்டம். ஆகவே மாலையில் சாலை திறக்கும் வரை ஒருவரை ஒருவர் பார்க்காமலே பந்தயத்தைப் பார்த்து முடித்தோம். தீவுக்காரர்கள் யாரும் வெறுமனே பாரகாரோ என்று சொல்வதில்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன். மேல் பாரகாரோ, அடிப் பாரகாரோ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் நின்றது அடியில். சாலை செங்குத்தாக இறங்கி, அடியில் இடப்பக்கம் மெல்ல ஒடிந்து, உடனே சமதளமாகிறது. அந்த ஒடிப்பிலேயே ஒரு கட்டடத்தின் சுவர் மூலை சாலையை ஒட்டி நிற்கிறது. இறங்கி வரும் பைக்கின் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கி, எஞ்சினின் அடிப்பகுதி தார்ச்சாலையைத் தொட்டு உரசுகிறது. தலைக்கவசம் சுவரை ஒட்டிப் போகிறது. பந்தயம் முடிந்து சாலை திறந்த பிறகு குனிந்து பார்த்தேன்: தாரின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய வெண்கீறல்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே சாணில் தொடங்கி ஒரே திசையில் சாய்ந்திருந்தன. வெவ்வேறு நிறுவனங்களின் பைக்குகள், வெவ்வேறு எடையுள்ள வீரர்கள், வெவ்வேறு வேகங்கள். ஆனாலும் எல்லோரும் தரையைத் தொட்டது அதே துண்டில். அடிப் பாரகாரோ என்ற புள்ளியை அந்தக் கீறல்களின் மேல்தான் நான் வைப்பேன்.

ஆகவே பாரகாரோவுக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். கிரீபாவுக்கும் அப்படியே: கிரீபா காசல் வளைவுகள் வேறு, கிரீபா பாலம் வேறு, இரண்டுக்கும் நடுவில் நல்ல தூரம் இருக்கிறது.

நவம்பர் 14

"இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது, பெயர் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு பைக்கும் எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒருவர் விழுந்த அந்த நொடியில் முதலில் செயல்படுபவர் கொடியைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்கும் மார்ஷல். அவர் ரேடியோவில் சொல்லும் முதல் சொல் இடத்தின் பெயர். அதைக் கேட்டுத்தான் பந்தயக் கட்டுப்பாட்டு அறை சிவப்புக் கொடியா மஞ்சள் கொடியா என்று முடிவெடுக்கிறது, மருத்துவ ஹெலிகாப்டர் கிளம்புகிறது, அடுத்த வளைவின் மார்ஷல் கொடியைத் தூக்குகிறார். ஒரு சுற்றைக் காக்க 500க்கும் மேற்பட்ட மார்ஷல்கள் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்த தன்னார்வலர்கள், பலர் தீவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவான மொழி இந்தப் பெயர்ப் பட்டியல்தான்.

அதனால்தான் ஒலி நெருக்கமுள்ள பெயர்களைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். பாதையில் வரிசையாகப் பாருங்கள்: யூனியன் மில்ஸைத் தாண்டியதும் பாலகேரி, எட்டாம் மைலை நெருங்கும்போது பாலக்ரெயின், உடனே பாலஸ்பர், பாலிக், பதினேழில் பலாஃப், அதைத் தாண்டியதும் பாலக்ரை. காற்று இரைச்சலும் எஞ்சின் சத்தமும் கலந்த ரேடியோவில் பாலக்ரெயினும் பாலக்ரையும் ஏறக்குறைய ஒன்றாகவே காதில் விழும். முன்னது வேகம் குறைத்துத் திரும்பும் வலது வளைவு. பின்னது பைக் காற்றில் எழும் மேடு. நடுவில் பத்து மைல். தமிழில் எழுதும்போது இந்த இரண்டின் கடைசி எழுத்துகளையும் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். என் யோசனை: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மைல் எண்ணையும் சிறியதாக அச்சிடுங்கள். பெயர் மங்கினாலும் எண் காப்பாற்றும்.

நவம்பர் 16

முதல் குறிப்பில் சொன்ன மூன்று வகைகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: நினைவிடம் இருக்கும் இடம்.

500 சிசி பிரிவின் முதல் உலகச் சாம்பியனான லெஸ் கிரஹாம் 1953 ஆம் ஆண்டு சீனியர் பந்தயத்தில் இறந்தது டக்ளஸுக்குள், பிரே ஹில்லின் அடிப்பகுதியில். அவருக்கான நினைவிடம் இருப்பதோ மலைமேல், பங்களாவுக்குச் சற்று முன். சுற்றின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றுக்குச் சுற்றின் 30ஆம் மைலில் நினைவிடம். ஜிம்மி குத்ரியோ 1937 இல் ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் இறந்தவர். ராம்சிக்கு மேலே, கூஸ்நெக்கைக் கடந்து ஏறும் சாலையில், தம் கடைசி டிடி பந்தயத்தில் அவர் பைக் பழுதாகி நின்ற இடத்தை ஒட்டி அவருக்குக் கல்லில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பந்தயத்தில் அவர் நின்றுபோன இடத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு எப்போதும் மனதைத் தொடும் செயலாக இருக்கிறது. வென்ற இடம் என்றால் கிராண்ட்ஸ்டாண்டில் வைத்திருக்கலாம், அங்கே ஆறு முறை வென்றவர் அவர். அந்தச் சின்னத்தருகே நின்றால் கீழே ராம்சி நகரமும் கடலும் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டால் சாலையின் எதிர்ப்பக்கம்கூடத் தெரியாது.

வரைபடத்தில் இவை இரண்டுக்கும் நினைவிடக் குறி மட்டும் போடுங்கள்.

நவம்பர் 16, இரவு

பொருள் மறைந்து பெயர் நிலைத்த இடங்களைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். நிறைய உண்டு. பங்களா என்பது அங்கே இருந்த ஒரு விடுதி. 1958 இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே நீங்கள் காண்பது 1895 இல் தொடங்கிய ஸ்னேஃபெல் மலை ரயிலின் தண்டவாளங்கள். அவை பந்தயச் சாலையைக் குறுக்கே கடக்கின்றன. பந்தய நாளில் ரயில் பயணிகள் இறங்கி நடைமேம்பாலத்தால் மறுபுறம் போகிறார்கள். ஆகவே புள்ளியைத் தண்டவாளம் கடக்கும் இடத்தில் வைத்தால் போதும், தேடுபவருக்கு அது கட்டாயம் கண்ணில் படும்.

கெப்பல் கேட் உண்மையாகவே ஒரு கதவு. மலைமேல் ஆடுகள் வெளியேறாதிருக்கச் சாலையின் குறுக்கே கதவுகள் இருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். அதற்கு அடுத்த கேட்ஸ் காட்டேஜ் மட்டும் இன்னும் வீடாகவே நிற்கிறது. டேட் குடும்பத்தார் வாழ்ந்த அந்த வீட்டை வானொலி வர்ணனையில் கிரஹாம் வாக்கர் கேட் என்று சொல்லிவிட, அதுவே நிலைத்தது என்பது தீவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தமிழ் எழுத்தைப் பார்த்துக் கெப்பல் கேட்டின் கேட்டும் இந்தக் கேட்டும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். முன்னது கதவு, பின்னது பெண் பெயர்.

நவம்பர் 18

உங்கள் வரைவில் உள்ள தேவதைப் பாலத்தை (ஃபேரி பிரிட்ஜ்) நீக்கிவிடுங்கள். வீரர்கள் அங்கே போய் வணக்கம் சொல்வது உண்மை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் போகும் அந்தப் பாலம் டக்ளஸிலிருந்து காசல்டவுன் போகும் ஏ5 சாலையில் இருக்கிறது. பந்தயப் பாதை அதைத் தொடவே இல்லை.

நவம்பர் 21

பழைய ஆண்டுகளின் செய்திகளை வைத்து இடம் குறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலைப் பாதையில் டிடி 1911 இல்தான் தொடங்கியது. அதற்கு முன், 1907 முதல் 1910 வரை, செயின்ட் ஜான்ஸ் ஊரைச் சுற்றிய சிறிய பாதை. 1911 இல்கூட இன்றைய தொடக்கக் கோடு இல்லை. குவார்ட்டர்பிரிட்ஜைத் தாண்டிய சமதளத்தில் தொடங்கினார்கள். சைன்போஸ்ட் வளைவும் கவர்னர்ஸ் பாலமும் 1920 இல்தான் சுற்றுக்குள் வந்தன. ஆகவே 1920க்கு முந்தைய ஒரு குறிப்பில் இத்தனையாவது மைல் என்று இருந்தால் அதை இன்றைய மைல்கல்லோடு பொருத்தக் கூடாது.

இன்னொரு பொறி கிளிப்ஸ் பாதை. 1954 முதல் 1959 வரை சிறிய பைக்குகளுக்கும் சைடுகாருக்கும் சில பந்தயங்களை 10.79 மைல் நீளமுள்ள அந்தப் பாதையில் நடத்தினார்கள். அதில் ஹில்பெர்ரி, பிராண்டிஷ், க்ரெக்-நி-பா எல்லாம் உண்டு, ஆனால் எதிர்த்திசையில். மலைப் பாதையில் இறங்கி வரும் சரிவு, கிளிப்ஸில் ஏறும் மேடு. பிராண்டிஷைத் தாண்டியதும் என்று ஒரு 1956 ஆம் ஆண்டுச் செய்தி சொன்னால், அந்த இடம் வளைவின் எந்தப் பக்கம் என்பது எந்தப் பாதை என்பதைப் பொறுத்தது. ஆண்டும் பிரிவும் தெரியாமல் புள்ளி வைக்க வேண்டாம்.

சாலையும் பல இடங்களில் விரிந்திருக்கிறது, நிமிர்ந்திருக்கிறது. குவாரி பெண்ட்ஸ், விண்டி கார்னர், பிராண்டிஷ் மூன்றையும் பழைய படத்தோடு ஒப்பிட்டால் அதே இடமா என்று ஐயம் வரும். இன்றைய சாலையின் மேல் புள்ளி வைப்பதுதான் முறை.

நவம்பர் 24

13ஆம் தேதி இரண்டு புள்ளிகள் என்று எழுதியதை இன்னும் சற்று நீட்டிச் சொல்கிறேன். சில பெயர்களுக்குப் புள்ளியே பொருந்தாது. வெராண்டா என்பது மலைச் சரிவைச் சுற்றிவரும் நான்கு வலது வளைவுகள். அவற்றை வீரர்கள் ஒரே மூச்சில் எடுக்கிறார்கள், ஆனால் நான்காவதில் விழுந்தவரை முதலாவதில் தேடினால் கிடைக்கமாட்டார். டியூக்ஸ் மூன்று இடது வளைவுகள். சல்பி நேர்சாலையும் க்ராங்க்-ஒய்-வாடி நேர்சாலையும் நீண்ட துண்டுகள். இவற்றுக்கெல்லாம் தொடக்கமும் முடிவும் காட்டும் கோடு போடுங்கள். புள்ளி, கோடு, நினைவிடக் குறி என மூன்று அடையாளங்கள் போதும்.

நேரம் கணக்கிடும் இடங்களைத் தனி நிறத்தில் காட்ட முடிந்தால் மிக நல்லது: கிளென் ஹெலன், பலாஃப், ராம்சி, பங்களா, க்ராங்க்-நி-மோனா. வானொலியில் வர்ணனை கேட்டுக்கொண்டே படத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஐந்துதான் கைப்பிடி. கிளென் ஹெலனில் இரண்டு நொடி முன்னிலை, பலாஃபில் ஒரு நொடி என்று காதில் விழும்போது, நடுவில் கிடக்கும் சாலையைக் கண் தானாக ஓடிப் பார்க்கும்.

வீரர்கள் தமக்கென்று வைத்திருக்கும் அடையாளங்களை நீங்கள் சேர்க்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாசற்கல்லின் வெள்ளை, மரநிழல் முடியும் இடம், சாக்கடை மூடி, கைப்பிடிச் சுவர் தொடங்கும் முனை என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகளை அவர்கள் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அவை ஒருவருக்கொருவர் மாறுபடும். ஒருவர் பிரேக் பிடிக்கும் கம்பத்தை மற்றவர் பார்த்தே இருக்கமாட்டார். பொதுப் படத்தில் அவை வேண்டாம்.

நவம்பர் 25

நீங்கள் அனுப்பிய புதிய வரைவைப் பார்த்தேன். மைல் எண்கள் சரியாக அமர்ந்திருக்கின்றன. பர்க்கின்ஸ், டிரிங்க்வாட்டர்ஸ் இரண்டுக்கும் மட்டும் தனிக் குறி வைத்தது நல்ல முடிவு.

கடைசியில் ஒன்று மட்டும் இடிக்கிறது. கவர்னர்ஸ் பாலத்தில் உங்கள் கோடு நேராகக் கிளென்கிரட்சரி சாலைக்குள் போய்விடுகிறது. வழிகாட்டும் செயலியிலிருந்து பாதையை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இன்றைய போக்குவரத்து போகும் வழியைத்தான் தரும். பந்தயம் அங்கே கொண்டை ஊசியாக வலப்புறம் திரும்பி, மரங்களுக்குக் கீழே இருக்கும் பழைய சாலையின் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறித்தான் கிராண்ட்ஸ்டாண்ட் சாலையில் சேர்கிறது. முழுச் சுற்றிலும் மிக மெதுவாக ஓட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்தச் சிறு சுழியைக் கையால் வரைந்து சேர்த்துவிட்டு நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள், 37.73 வர வேண்டும்.